கேஷுவாலிட்டி டூட்டி முடிந்தும் மனம் அங்கேயே நிற்கிறதா?

கேள்வி: மாவட்ட அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நைட் டூட்டி முடிந்து வீட்டுக்குப் போனாலும் “அந்த ஊசியைப் போட்டேனா, எழுதினேனா” என்றே ஓடுகிறது, தூக்கம் வருவதில்லை. அட்டெண்டர்கள் (நோயாளியோடு வந்தவர்கள்) குரலை உயர்த்தினாலே கை நடுங்குகிறது. வேலையை விட்டுவிடலாமா?

பதில்: தொடர்ந்து நைட் பார்க்கும் வாரத்தில் அந்த முடிவை எடுக்காதீர்கள். மனபலம் குறைந்துவிட்டதென்றும் நினைக்காதீர்கள். இந்தப் பயத்தில் பெரும்பகுதி வேலை நடக்கும் விதத்தில் இருந்து வருகிறது. அங்கேதான் அதைச் சரிசெய்யவும் முடியும்.

சிபிஆர் (நின்ற இதயத்தை இயக்க மார்பை அழுத்தும் சிகிச்சை) நடக்கும்போது டாக்டரின் மருந்து ஆர்டர் வாய்வார்த்தையாக வருகிறது. சார்ட்டோ அரைமணி கழித்து, ஞாபகத்தை வைத்து எழுதப்படுகிறது. சந்தேகம் பிறப்பது அந்த இடைவெளியில்தான். ஆர்டரைத் திருப்பிச் சொல்லுங்கள். போட்டதும் “அட்ரினலின் 1 மி.கி., ஐ.வி., போட்டாச்சு, மணி 2.14” என்று சத்தமாகச் சொல்லுங்கள், ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். எழுத ஆளில்லையா? காலி ஆம்பியூல்களை, அதாவது ஊசிமருந்துக் குப்பிகளை, தனி கிட்னி ட்ரேயில் சேர்த்து வையுங்கள். சார்ட் எழுதி, எண்ணிக்கை ஒத்துப்போன பிறகு அப்புறப்படுத்தலாம். அடுத்த ஷிஃப்ட் நர்ஸுக்கு ஹேண்ட்ஓவரை மேசையில் உட்கார்ந்து கொடுக்காதீர்கள். கட்டிலருகே நின்று மருந்து ஏற்றும் பம்ப் ஓடும் வேகம், சிரிஞ்ச் லேபிள், இன்னும் வராத லேப் ரிசல்ட் எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

தூக்கத்துக்கு: காலை 8 மணிக்கு டூட்டி முடியுமென்றால் இரவு 2 மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். குடித்த கஃபீனில் ஏறக்குறைய பாதி 5 மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். இடையில் 20 நிமிடம் கண்ணயர முடிந்தால் மிக நல்லது. எழுந்தவுடன் மந்தம் இருக்கும். கால் மணி நேரமாவது டோஸ் கணக்குப் போடாதீர்கள். வீட்டுக்குத் தூக்கக் கலக்கத்தில் ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம், பஸ்ஸில் போங்கள்.

அட்டெண்டர் கோபத்துக்குப் பெரும்பாலும் காரணம், ஏன் காத்திருக்கிறோம் என்று யாரும் சொல்லாததுதான். பச்சைப் பிரிவில் (காத்திருக்கக்கூடியவர்கள்) இருப்பவருக்கு, பின்னால் வந்த சிவப்புப் பிரிவு (உடனே பார்க்க வேண்டிய) நோயாளி வரிசையைத் தாண்டிப் போனதாகவே தெரியும். “மூச்சுத்திணறலோடு வந்தவரை முதலில் பார்க்கிறோம். அரைமணியில் அப்பாவுக்கு மறுபடி பிபி பார்க்கிறேன்” என்று சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்குப் போய்விடுங்கள். டாக்டர் எப்போது வருவார் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பேசும்போது வாசல் உங்கள் பக்கம் இருக்கட்டும். மிரட்டினாலோ கை ஓங்கினாலோ விலகுங்கள். டூட்டி டாக்டருக்கும் போலீஸுக்கும் சொல்லி, அதே ஷிஃப்டில் நேரத்தோடு எழுதிக் கொடுங்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் இல்லாத புகாருக்கு அது உதவுவது கடினம்.

நடந்த காட்சி ஒரு மாதம் தாண்டியும் கண்முன் வந்துகொண்டே இருந்தால், அல்லது வாழ்வே வேண்டாம் என்று ஒருமுறை தோன்றினால்கூட, மனநலப் பிரிவில் காட்டுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். கைக்கெட்டுகிறதே என்று பதற்றத்துக்கான அல்பிரசோலம் மாத்திரையை நீங்களாக எடுக்கவே கூடாது.

வேலையை விடுவதற்கு முன், நர்சிங் கண்காணிப்பாளரிடம் 3 மாதம் வேறு வார்டு கேட்டு எழுதிக் கொடுங்கள். எத்தனை நைட் தொடர்ந்து பார்த்தீர்கள், எந்தெந்தத் தேதியில் தனியாக நின்றீர்கள் என்பதையும் அதில் சேருங்கள்.