விலாவில் அடிபட்டால்: பயிற்சிக்காரரின் கேள்விகளும் என் பதில்களும்

நான் பிசியோதெரபிஸ்ட். பன்னிரண்டு வருஷமாக ஜியு ஜிட்சுவும், அதாவது தரையில் பிடித்து மடக்கும் சண்டைக்கலையும், பழகுகிறேன். கொழும்பில் சண்டைக்கலை பழகுகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது விலாவைப் பற்றித்தான். தொட்டுப் பார்த்துச் சொல்லும் டொக்டருக்கு இந்தப் பதில்கள் ஈடாகாது.

கொட்டாஞ்சேனை, பொக்சிங்: அக்கா, போன கிழமை ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) இடது விலாவில் ஒரு ஹூக் (பக்கவாட்டுக் குத்து) விழுந்தது. அப்போது பெரிதாக நோகவில்லை. இப்போது படுக்கையில் திரும்பவே ஏலாது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம். பிறகு ஏன் இப்படி நோகுது?

தம்பி, எக்ஸ்ரேயில் எல்லாம் விழாது. மெல்லிய வெடிப்புகள் பல முதல் படத்தில் தப்பிவிடும். விலா வந்து நெஞ்செலும்போடு சேருகிற இடம் குருத்தெலும்பு. அதில் வரும் காயம் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது, விலாக்களுக்கு இடையில் உள்ள தசை கிழிந்தாலும் தெரியாது.

என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு விரல் நுனியால் விலாவின் மேலே மெல்லத் தடவிக்கொண்டு போவேன். எலும்பின் மேல் ஒரே புள்ளியில் சுள்ளென்று குத்தினால் வெடிப்பு என்று சந்தேகம் வரும். இரண்டு விலாவுக்கு நடுவில் நொந்து, உடம்பைத் திருப்பும்போது கூடினால் அநேகமாகத் தசை. அடிபட்ட நேரம் நெஞ்சோரம் ‘டக்’ என்று கேட்டு, பிறகு அசையும்போதெல்லாம் சொடுக்கினால் குருத்தெலும்பு. உள்ளே வேறு சேதம் இல்லையென்றால் மூன்றுக்கும் வைத்தியம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே எது உடைந்தது என்று ஸ்கேனுக்கு மேல் ஸ்கேன் எடுத்து அலையாதீர்கள். மூச்சு அடிவரை போகிறதா என்று தினமும் பாருங்கள். நான் முதலில் கேட்பதும் அதைத்தான்.

வெள்ளவத்தை, ஒரு தாய்: மகனுக்கு 11 வயது, கராத்தே பழகுகிறான். உதை பட்டால் எப்போது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்லத்தான் வேண்டும், அம்மா. பிள்ளைகளின் விலா வளைந்து கொடுக்கும். எலும்பு உடையாமலே உள்ளே காயப்படலாம். கீழ் விலாக்களுக்குள்ளே வலப்பக்கம் ஈரல், இடப்பக்கம் மண்ணீரல், பின்னால் சிறுநீரகங்கள் இருக்கின்றன. வயிறு இறுகி நோவது, இடது தோள் நுனியில் காரணமில்லாமல் வலிப்பது, முகம் வெளிறி வியர்த்துத் தலைசுற்றுவது, சிறுநீர் சிவப்பாகவோ தேநீர் நிறத்திலோ போவது, மூச்சுத் திணறுவது, இருமலில் இரத்தம் வருவது. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். காலி வீதி நெரிசலில் பஸ்ஸிலோ ஓட்டோவிலோ ஏற்ற வேண்டாம். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். சிறுவர்களுக்குப் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே ஆஸ்பத்திரி, பெரியவர்களுக்குத் தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவு. சாப்பாடும் குடிப்பும் கொடுக்காமல் கொண்டுபோங்கள்.

தெமட்டகொட, முவாய் தாய் (தாய்லாந்துக் குத்துச்சண்டை): மாஸ்டர் க்ரேப் பண்டேஜை இறுக்கிச் சுற்றச் சொல்கிறார். சுற்றலாமா?

வேண்டாம். உங்கள் மாஸ்டர் பழகிய காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் நெஞ்சை இறுக்கினால் மூச்சு மேலோட்டமாகிவிடும். சளி அடியில் தங்கி நிமோனியா வரலாம். விழித்திருக்கும் நேரம் மணிக்கொரு தடவை பத்து மூச்சு, மெதுவாக, எவ்வளவு ஆழம் போகுமோ அவ்வளவு ஆழம் இழுங்கள். இருமல் வந்தால் அடக்காதீர்கள். ஒரு தலையணையை மடித்து, நோகிற இடத்தோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருமுங்கள். வலி குறைவதை அப்போதே உணர்வீர்கள்.

மூச்சு இழுக்க முடிய வேண்டுமென்றால் வலி அடங்க வேண்டும். வேறு நோயில்லாத பெரியவர் பனடோல் (500 மி.கி. பரசிட்டமோல்) ஒரு வேளைக்கு இரண்டு, ஆறு மணிக்கொரு தடவை, நாளைக்கு எட்டுக்கு மேல் போகாமல் போடலாம். டைக்குளோபினக், இபுபுரோபன் வகைகளை டொக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். காய்ச்சலும் சேர்ந்து வந்தால் கட்டாயம் வேண்டாம். கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்குவையும் நினைக்க வேண்டும், அந்த மாத்திரைகள் டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டும். விலாக் காயத்துக்குப் பிறகு காய்ச்சலும் சளியும் வந்தால் நெஞ்சையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

பம்பலப்பிட்டி: எப்படித் தூங்குவது?

முதுகுக்குத் தலையணைகள் அடுக்கி, பாதி உட்கார்ந்தபடி. எழும்பும்போது நேரே நிமிராமல், நோகாத பக்கம் உருண்டு, கையை ஊன்றி எழும்புங்கள்.

தெஹிவளை, ஜியு ஜிட்சு: நாலு கிழமை ஆகிவிட்டது, நோவும் இல்லை. ரோலிங் (மெத்தையில் ஜோடியாகப் பிடித்துப் பழகும் சண்டை) தொடங்கலாமா?

இதே கேள்வியை நான் என்னிடமே கேட்டு, பிழையான பதில் சொன்னவள். குருத்தெலும்பு விலகி மூன்றாம் கிழமை, ‘இன்றைக்கு லேசாகத்தான்’ என்று மெத்தையில் இறங்கினேன். என் வயிற்றின் மேல் ஒருவர் முழங்காலை வைத்த அந்த நொடியில் மறுபடி ‘டக்’. அடுத்த மூன்று மாதம் தும்மலுக்கே பயந்து திரிந்தேன்.

வெடிப்பு பொருந்த ஆறு கிழமையளவு எடுக்கும். குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு, அதனால் இன்னும் கூட ஆகும். நோவு அதற்கு முன்பே போய்விடும், ஏமாறுவது அங்கேதான். ஆழ மூச்சு, இருமல், வாய்விட்டுச் சிரிப்பு, இரண்டு பக்கமும் உருளல் எதுவுமே நோகக்கூடாது. அதன்பின் காலிமுகத்திடலில் வேக நடை. அதுவும் சரியென்றால் தனியாக அசைவுப் பயிற்சி, பையில் அடி, பிறகு பலம் போடாத ஜோடிப் பயிற்சி. ஒவ்வொரு படியிலும் சில நாள் நில்லுங்கள். அடுத்த நாள் காலை நொந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். ரோலிங்கும் ஸ்பாரிங்கும் கடைசி.

மருதானை, மாணவி: என் ஜோடி 90 கிலோ. விலாவைப் பற்றிச் சொன்னால் பயந்தவள் என்று நினைப்பாரோ?

தங்கச்சி, நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? தொடங்க முதலே, நோகிற இடத்தில் உங்கள் கையை வைத்துக் காட்டி, ‘இந்தப் பக்கம் பாரம் போடாதீங்க’ என்று சொல்லுங்கள். பாரம் ஏறுகிறது என்று தெரிந்ததுமே, நிறுத்தச் சொல்லிக் கையால் தட்டுங்கள், வலி வரும்வரை பொறுக்க வேண்டாம். அதற்குப் பிறகும் அவர் பாரம் போட்டால் ஆசிரியரிடம் சொல்லி ஜோடியை மாற்றித் தரக் கேளுங்கள்.