மின்கம்பி வழியே இணையம்: பவர்லைன் அடாப்டர், வைஃபை எக்ஸ்டெண்டர் – கேள்வி பதில்

கேள்வி (மதுரை): ரவுட்டர் கீழே ஹாலில் இருக்கிறது. மாடி அறையில் வைஃபை அறவே கிடைப்பதில்லை. ரிப்பீட்டர் வாங்கலாமா, பவர்லைன் அடாப்டர் வாங்கலாமா?

பதில்: மாடி வரை ஒரு ஈதர்நெட் கேபிளை இழுக்க வழியிருந்தால் இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் முதல் பதில். அதற்கு வழியில்லை என்றால், இடையில் நிற்பது எது என்று பாருங்கள். ரிப்பீட்டர் (எக்ஸ்டெண்டர் என்பதும் இதுவே) காற்றில் வரும் சிக்னலை வாங்கி மறுபடியும் காற்றிலேயே அனுப்புகிறது; ஒரே அலைவரிசையில் இரண்டு வேலையையும் செய்யும் மாடல்களில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதை சிக்னலே எட்டாத அறையில் மாட்டிப் பயனில்லை. பாதி வழியில், மாடிப்படி அருகே மாட்ட வேண்டும். கான்கிரீட் தளம் சிக்னலை முழுவதும் தடுக்கும் வீட்டில் பவர்லைன்தான் பொருத்தம். 50 ஹெர்ட்ஸில் மின்சாரம் ஓடும் அதே கம்பியில், 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசைகளில் தரவு செல்வதால் ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை. ஒரு அடாப்டரை ரவுட்டருக்குப் பக்கத்தில் மாட்டிக் கேபிளால் இணைத்துவிட்டு, வைஃபை வசதியுள்ள மற்றொன்றை மாடியில் மாட்டினால் போதும்.

கேள்வி (கோயம்புத்தூர்): பெட்டியில் 600 எம்பிபிஎஸ் என்று அச்சிட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லையே?

பதில்: அந்த எண் கம்பியின் மேல் கோட்பாட்டளவில் எட்டக்கூடிய உச்சம்; போவதற்கும் வருவதற்கும் அது பொது. தவிர, இவ்வகை அடாப்டர்கள் பலவற்றில் ஈதர்நெட் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான் என்பதைப் பெட்டியில் சிறிய எழுத்தில் காணலாம். வேகத்தைக் கெடுக்கும் முதல் குற்றவாளி ஸ்பைக் கார்டு. மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்க அதற்குள் வைத்திருக்கும் உறுப்புகள் நம் சிக்னலையும் சேர்த்து விழுங்கிவிடும். எனவே அடாப்டரை நேராகச் சுவர் பிளக் பாயிண்டில் மாட்டுங்கள். மொபைல் சார்ஜர்களையும் எல்இடி விளக்கின் டிம்மரையும் தள்ளி வையுங்கள்.

கேள்வி (திருச்சி): எங்கள் வீட்டில் மும்முனை இணைப்பு. ஒரு அறையில் நன்றாக வேலை செய்யும் அடாப்டர், அடுத்த அறையில் விளக்கே எரியாமல் நிற்கிறது.

பதில்: இரண்டு பிளக் பாயிண்டுகளும் வெவ்வேறு ஃபேஸில் இருக்கக்கூடும். அப்படியிருந்தால், கம்பிகள் நெருங்கி ஓடும் இடங்களில் கசிந்து தாண்டும் அளவுக்குத்தான் சிக்னல் மறுபக்கம் போகும். சில வீடுகளில் அது போதும், பல வீடுகளில் போதாது. அந்த அறையின் சர்க்யூட்டை ரவுட்டர் இருக்கும் ஃபேஸுக்கு மாற்ற முடியுமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். லோடு கணக்கைப் பார்க்க வேண்டிய வேலை என்பதால் நீங்களே கை வைக்க வேண்டாம். ஒரு ஃபேஸ் போகும்போது சேஞ்ச் ஓவர் ஸ்விட்சைத் திருப்பும் பழக்கம் உள்ள வீடுகளில், நேற்று வரை நன்றாக இருந்த இணைப்பு இன்று அறுந்துபோவதற்கும் இதுவே காரணமாகலாம். இன்வெர்ட்டர் லைனில் ஒரு அடாப்டரும் நேர் லைனில் மற்றொன்றும் இருந்தாலும் சிக்கல் வரும். இரண்டையும் ஒரே பக்கம் வையுங்கள்.

கேள்வி (சென்னை): அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். பக்கத்து ஃப்ளாட்டில் ஒருவர் இதே அடாப்டரை மாட்டினால் என் இணையம் அவருக்குப் போய்விடுமா?

பதில்: போகலாம். இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். மின்சார மீட்டரும் மெயின் ஸ்விட்சும் சிக்னலை வலுவிழக்கச் செய்கின்றனவே தவிர, முழுவதும் நிறுத்துவதில்லை. ஹோம்பிளக் ஏவி என்ற பவர்லைன் தரத்தைப் பின்பற்றும் அடாப்டர்கள் அனைத்தும் தரவை 128 பிட் ஏஇஎஸ் என்ற முறையில், பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்கின்றன. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போது அவற்றில் பலவற்றின் சாவி ஒன்றேதான், அதாவது அந்தத் தரத்தின் பெயரே அதன் கடவுச்சொல். ஊருக்கே தெரிந்த சாவியால் பூட்டிய கதவு அது. பெட்டியைப் பிரித்தவுடன் மாட்டி, இணையம் வருகிறது என்று திருப்தியடைந்துவிட்டவர்கள் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள்.

மாற்றுவது எளிது. முதல் அடாப்டரின் இணைக்கும் (Pair) பட்டனை அழுத்திவிட்டு, இரண்டு நிமிடத்துக்குள் மற்றொன்றின் அதே பட்டனையும் அழுத்தினால் இரண்டுக்கும் மட்டுமான புதிய சாவி உருவாகும். மூன்றாவதைச் சேர்ப்பதானால், ஏற்கெனவே இணைந்த ஒன்றின் பட்டனையும் புதியதன் பட்டனையும் இதேபோல் அழுத்துங்கள். பிறகு, தயாரிப்பாளர் தரும் மென்பொருளைக் கணினியில் நிறுவி, பட்டியலில் தென்படும் அடாப்டர்களை எண்ணிப் பாருங்கள். உங்களுடையதல்லாத ஒன்று இருந்தால் எல்லாவற்றையும் ரீசெட் செய்து மறுபடி இணைக்க வேண்டும். ஒவ்வொரு அடாப்டரின் பின்புறமும் அச்சிட்டிருக்கும் நான்கு நான்கு எழுத்துகளாலான சொல், அந்த அடாப்டரைத் தொலைவிலிருந்தே வேறு நெட்வொர்க்குக்கு மாற்ற உதவுவது. அந்த ஸ்டிக்கர் தெரியும்படி படமெடுத்து விற்பனைத் தளங்களில் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம்.

கேள்வி (சேலம்): டபிள்யூபிஎஸ் பட்டனை அழுத்தி எக்ஸ்டெண்டரை ரவுட்டரோடு இணைத்தேன். இது பாதுகாப்பானதா?

பதில்: டபிள்யூபிஎஸ் என்பது கடவுச்சொல் அடிக்காமலே கருவிகளை வைஃபையில் இணைக்கும் வசதி. அதன் பட்டன் முறையில் பெரிய ஆபத்தில்லை, அதனுடன் சேர்ந்து இயங்கும் எட்டு இலக்க பின் எண்தான் ஆபத்து. அந்த எண்ணை ரவுட்டர் இரண்டு பாதிகளாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிகளுக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-இலேயே வெளிப்பட்டுவிட்டது. இணைத்து முடித்ததும் ரவுட்டர், எக்ஸ்டெண்டர் இரண்டிலும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். வைஃபை குறியாக்கத்தில் டபிள்யூபிஏ2-ஐவிடப் புதியதான டபிள்யூபிஏ3 இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய போன்கள் ஏற்காவிட்டால் ஏஇஎஸ்ஸுடன் கூடிய டபிள்யூபிஏ2 போதும். எக்ஸ்டெண்டருக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரையும் புதுப்பியுங்கள். டபிள்யூபிஏ2 குறியாக்கத்தில் 2017-இல் வெளிப்பட்ட கிராக் (KRACK) என்ற குறைபாடு பெரும்பாலும் ரவுட்டரோடு இணையும் கருவிகளைத்தான் பாதித்தது. ரிப்பீட்டரும் ரவுட்டரின் பார்வையில் அப்படி இணையும் ஒரு கருவிதான்.

கேள்வி (நாகர்கோவில்): எக்ஸ்டெண்டரின் அட்மின் பக்கத்தில் வேறு என்ன மாற்ற வேண்டும்?

பதில்: முதலில் அட்மின் கடவுச்சொல். அடுத்து டிஹெச்சிபி: இணையும் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை ரவுட்டர் மட்டும் செய்யட்டும், எக்ஸ்டெண்டரில் அதை அணைத்து வையுங்கள். விருந்தினர் வைஃபையை எக்ஸ்டெண்டரில் இயக்குவதானால், அதில் ஒரு போனை இணைத்து ரவுட்டரின் அட்மின் பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால், அது பெயருக்குத்தான் விருந்தினர் வைஃபை.

கேள்வி (தஞ்சாவூர்): லண்டனிலிருந்து தம்பி ஒரு ஜோடி பவர்லைன் அடாப்டர் கொண்டுவந்தான். பிளக் நம் சாக்கெட்டில் நுழையவில்லை.

பதில்: அங்கும் 230 வோல்ட்தான் என்பதால் கன்வெர்ட்டர் பிளக் போட்டு மாட்டலாம். ஆனால் அந்த கன்வெர்ட்டரில் எர்த் பின் இருக்க வேண்டும். ஹோம்பிளக் ஏவியின் அடுத்த பதிப்பான ஏவி2 மாடல்களில் சில, லைன், நியூட்ரல் கம்பிகளோடு எர்த் கம்பியையும் தரவுக்குப் பயன்படுத்துகின்றன. எர்த் இல்லாவிட்டாலும் ஓடும், வேகம் குறையும். பின்னாளில் மூன்றாவது ஒன்றை இங்கே வாங்கும்போது அதுவும் ஹோம்பிளக் தரமா என்று பார்த்து வாங்குங்கள், ஜி.ஹெச்.என் என்ற வேறு பவர்லைன் தரத்தில் வருபவை இவற்றோடு பேசாது.