பூனைக்கண்ணும் தங்கையும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். எனக்கு ஊர் அரக்கோணம். அம்மாவைப் பெற்ற தாத்தா ஆங்கிலோ இந்தியர், ரயில் டிரைவராக இருந்தவர். அப்பா சோளிங்கர் பக்கத்துத் தமிழர். தாத்தாவின் பூனைக்கண்ணும் வெளுத்த தோலும் எனக்கு வந்தன. பள்ளியில் என் பெயரே ‘சட்டைக்காரன்’தான். தங்கை அப்பாவைப் போலக் கறுப்பு, அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் சட்டப்படி நான் ஆங்கிலோ இந்தியன் இல்லையாம். நாற்பது வயதிலும் இது உறுத்துகிறது. நான் யார்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

நான் திரும்பத் திரும்பப் படித்தது தங்கையைப் பற்றிய அந்த ஒரு வரியைத்தான்.

தோல் நிறமும் கண் நிறமும் பல மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்பவை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரிடமிருந்து வேறு வேறு பாதி வந்து சேர்கிறது. அந்தக் குலுக்கலில் பூனைக்கண் உங்களுக்கு விழுந்தது, அவளுக்கு விழவில்லை, அவ்வளவுதான். தாத்தா இருவருக்கும் ஒருவரே. ஆனால் தெரு உங்களைச் சட்டைக்காரனாக்கியது, அவளைத் தமிழ்ப் பெண்ணாக விட்டுவிட்டது. அந்தச் சொல்லே ஆங்கிலோ இந்தியர்களின் உடையைப் பார்த்து நம்மவர்கள் வைத்த பெயர். அதைச் சொல்லிக் கூப்பிட்ட பையன்களும் உங்களைப் போல அதே பள்ளிச் சட்டையைத்தானே போட்டிருந்தார்கள்?

சரி, சட்டத்துக்கு வருவோம். அரசியலமைப்பின் 366-வது பிரிவு தந்தைவழியை மட்டுமே பார்க்கிறது. அப்பாவோ, அப்பாவழி ஆண் முன்னோர் ஒருவரோ ஐரோப்பிய வம்சமாக இருக்கவேண்டும். உங்களுக்குத் தாய்வழி என்பதால் கணக்கில் வரவில்லை. உங்களுக்குத் தாய்மாமன் இருந்தால், அவர் பிள்ளைகள் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் ஆங்கிலோ இந்தியர்கள்தான். அமெரிக்காவில் வேறு கணக்கு. கறுப்பர் ரத்தம் எந்த வழியில் துளி கலந்திருந்தாலும் வெள்ளையர் இல்லை என்று வெர்ஜினியா மாநிலம் 1924-ல் சட்டமே போட்டது. ஒபாமாவின் அம்மா வெள்ளையர். ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்க 2000 முதலே வழி இருந்தும், 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் தன்னைக் கறுப்பர் என்று மட்டுமே குறித்தார்.

உங்கள் தாத்தாவின் சமூகத்தையும் இப்படித்தான் அவரவர் வசதிக்கு எண்ணினார்கள். ஐரோப்பியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர்களுக்கு உத்தியோகம் இல்லை என்று 1791-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கதவைச் சாத்தியது. அப்புறம் ரயில் வந்தது, நம்பிக்கையான ஆட்கள் தேவைப்பட்டார்கள், அதே மனிதர்களை என்ஜினில் ஏற்றினார்கள். அரக்கோணத்திலும் ஜோலார்பேட்டையிலும் ரயில்வே காலனிகளில் அவர்கள் நிறைந்தது அப்படித்தான்.

என்னைக் கேட்டால், நீங்கள் அரக்கோணத்துத் தமிழர், ஓர் ஆங்கிலோ இந்தியரின் பேரன். இரண்டும் முழுசாக. பாதி பாதியாகப் பிரித்துப் பார்க்காதீர்கள்.

இன்னொன்றும் மனதில் ஓடுகிறது. கேலி உங்களை வலிக்கச் செய்தது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் “அண்ணன் நிறம் உனக்கு வரலையே” என்று எத்தனை பேர் உங்கள் தங்கையிடம் சொல்லியிருப்பார்கள்? அவளும் அந்தத் தாத்தாவின் பேத்திதான். அவரைப் பற்றி அவளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா? எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தை அவளுக்கும் அனுப்புங்கள்.