சூடு தாங்கும் கண்ணாடிப் பாத்திரம் மறுசுழற்சிக்கு ஆகுமா?

கேள்வி: மைக்ரோவேவ் அடுப்பில் பயன்படுத்திவந்த கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் விரிசல் விழுந்துவிட்டது. காலி பாட்டில்களோடு சேர்த்து அதையும் மறுசுழற்சிக்குப் போடலாமா? எல்லாம் கண்ணாடிதானே?

பதில்: போட வேண்டாம். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டின் சேர்மானமும் வேறு. மணல், சோடா, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை உருக்கிப் பாட்டில் செய்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியரான ஓட்டோ ஷாட் உருவாக்கிய, சூடு தாங்கும் பாத்திரங்கள் செய்யப் பயன்படும் போரோசிலிகேட் கண்ணாடியிலோ சிலிக்கா சுமார் 80 சதவீதமும் போரான் ஆக்சைடு 12 முதல் 13 சதவீதமும் இருக்கும். சூடேறும்போது சாதாரணக் கண்ணாடி விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இது விரியும் என்பதால், வெப்பம் சட்டென்று மாறினாலும் எளிதில் உடைவதில்லை.

அடுப்பில் கைகொடுக்கும் இந்தக் குணமே பாட்டில் தொழிற்சாலையின் உலையில் கேடாகிறது. மற்ற கண்ணாடி நன்றாக உருகி ஓடும் சூட்டிலும் போரோசிலிகேட் துண்டு கெட்டியாகவே இருந்து, முழுமையாகக் கலக்காமல் முடிச்சாகத் தங்கிவிடுகிறது. அந்த முடிச்சும் அதைச் சுற்றியுள்ள கண்ணாடியும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால், புதிய பாட்டில் ஆறும்போதோ பின்னர் பயன்பாட்டில் இருக்கும்போதோ அந்த இடத்தில் விரிசல் விடக்கூடும். நொறுங்கிய சில்லுகளுக்கு நடுவே இதைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கி எடுப்பதும் மிகக் கடினம். கண்ணாடிக்குள் நுண்ணிய படிகங்களை உருவாக்கிச் செய்யும் கண்ணாடிப் பீங்கான் எனப்படும் வகை இதைவிடவும் மோசம்.

கையில் இருப்பது எந்த வகை என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. உடைந்த சில்லு ஒன்றை இடுக்கியால் பிடித்துச் சமையல் எண்ணெயில் அமிழ்த்துங்கள். எண்ணெயும் போரோசிலிகேட்டும் ஒளியை ஏறத்தாழ ஒரே அளவில் வளைப்பதால், அந்தக் கண்ணாடியின் விளிம்பு எண்ணெய்க்குள் மறைந்தே போகும். சாதாரணக் கண்ணாடி தெளிவாகத் தெரியும். பெயரை மட்டும் நம்ப முடியாது: 1915இல் பைரெக்ஸ் என்ற வணிகப் பெயருடைய அடுப்புக் கண்ணாடி விற்பனைக்கு வந்தபோது போரோசிலிகேட்டாக இருந்தது; பிற்காலத்தில் அதே பெயரில் உறுதியூட்டப்பட்ட சாதாரணக் கண்ணாடியும் வந்தது. அது பாட்டிலோடு உருகக்கூடியதே என்றாலும், பிரித்தறிய இயலாததால் பல மறுசுழற்சி நிலையங்கள் அடுப்புக் கண்ணாடி எதையுமே ஏற்பதில்லை.

பழுதில்லாத பாத்திரமென்றால் வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். அதுவே சிறந்த வழி. உங்களுடையதில் விரிசல் இருப்பதால் இனி அதைச் சூடேற்றவே கூடாது. தடித்த காகிதத்தில் பல சுற்றுச் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டி, 'உடைந்த கண்ணாடி' என்று பெரிதாக எழுதிப் பொதுக் குப்பையில் சேருங்கள். அதை அள்ளுபவரின் கையில் கீறல் படக்கூடாது.