நின்றுகொண்டே தின்றால் குற்றமில்லை

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான், அங்கே லாபி செய்வது (அதாவது சட்டத்தையும் வரியையும் தங்களுக்குச் சாதகமாக மாற்றச் சொல்லி ஆட்சியில் இருப்பவர்களை அணுகிப் பேசுவது) சட்டப்படி செல்லும், பதிவு செய்துகொண்டு பகிரங்கமாகவே செய்யலாம் என்கிறார். எனக்கு அது லஞ்சத்துக்கு லைசென்ஸ் கொடுத்தது போல இருக்கிறது. நம் ஊரில் அதையே கமுக்கமாகச் செய்கிறார்கள். இரண்டு இடத்திலும் ஒரேயடியாகத் தடை செய்துவிட்டால் என்ன? ஒரு சந்தேகமும் உண்டு. நான் இங்கே பம்ப்செட் உற்பத்தியாளர் சங்கம் ஒன்றில் பொறுப்பில் இருக்கிறேன். ஜிஎஸ்டியைக் குறைக்கச் சொல்லி டெல்லிக்கு மனுவோடு போய் வந்திருக்கிறோம். அப்படியானால் நாங்களும் லாபிக்காரர்கள்தானா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

நீங்களும் லாபிக்காரர்தான், சங்கடப்படாதீர்கள். வரியால் தொழில் படுத்துவிட்டது என்று மந்திரியிடம் போய்ச் சொல்வது குற்றமில்லை. அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தமே அரசிடம் முறையிடும் உரிமையைக் காக்கிறது. அதனால் தடை என்ற பேச்சு அங்கே எடுபடாது. இங்கே தடை போட்டாலும் முதலில் மாட்டுவது உங்கள் சங்கம்தான். பெரிய கம்பெனியின் ஆள் ‘ஆலோசகர்’ என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு நேரே உள்ளே போய்விடுவார்.

அங்கே நடந்ததும் அதுதான். 1995இல் வந்த சட்டப்படி, ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்யும் வேலையில் 20 சதவீதத்துக்கும் குறைவான நேரத்தையே லாபிக்குச் செலவிடுகிறவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் ஜனநாயகக் கட்சிக்குத் தலைமை வகித்த டாம் டாஷ்ல் 2004 தேர்தலில் தோற்று, ஒரு சட்ட நிறுவனத்தில் கொள்கை ஆலோசகராகச் சேர்ந்தார். லாபிக்காரர் என்று பதிவு செய்துகொண்டது 2016இல்!

சரி, விருந்து உபசாரத்தையாவது தடுக்க முடிந்ததா? ஜாக் அப்ரமாஃப் என்று ஒரு லாபிக்காரர். வாஷிங்டனில் சொந்தமாக ஓட்டல் வைத்துக் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அதுதான் பெயர்) உறுப்பினர்களுக்குச் சாப்பாடு போட்டார், ஸ்காட்லாந்துக்கு கோல்ஃப் ஆட அழைத்துப் போனார். 2006இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். அவர் கிளப்பிய நாற்றத்தில்தான் 2007இல் விதிகள் இறுகின. லாபிக்காரர் காசில் விருந்து சாப்பிடக் கூடாது. ஆனால் வரவேற்பு நிகழ்ச்சியில் கொறிக்கத் தருவது சாப்பாட்டுக் கணக்கில் வராது. வாஷிங்டனில் இதற்குப் பல்குச்சி விதி என்றே பெயர் விழுந்துவிட்டது. மேசையில் உட்கார்ந்து தட்டில் சாப்பிட்டால் குற்றம், நின்றுகொண்டு பல்குச்சியால் குத்தி எடுத்துத் தின்றால் குற்றமில்லை. நம் கல்யாண மண்டபத்தில் பந்தி போட்டால் தப்பு, பஃபே என்றால் பரவாயில்லை என்பது மாதிரி.

ஆனால் சாப்பாடெல்லாம் சில்லறை விஷயம். சிறையிலிருந்து வந்தபின் அப்ரமாஃப் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னதுதான் முக்கியம். காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்தில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற தலைமை உதவியாளரிடம், இங்கே வேலை முடிந்ததும் எங்களிடம் வந்துவிடுங்களேன் என்று ஒரு வார்த்தை போட்டுவைப்பாராம். அந்த நிமிடத்திலிருந்து அந்த அலுவலகமே அவர் கைக்குள். ஒரு காசு கைமாறவில்லை, எந்தச் சட்டத்தில் பிடிப்பது? (இதே மனிதர் 2020இல், பதிவு செய்யாமல் லாபி செய்ததற்காக மறுபடி மாட்டினார். தன் புண்ணியத்தில் கடுமையான சட்டத்திலேயே!)

உதவியாளருக்கே இப்படி என்றால் தலைவருக்கு? 2003 நவம்பர் 22, விடிகாலை மூன்று மணி. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில், முதியோருக்கான மருத்துவக் காப்பீட்டில் மருந்துச் செலவையும் சேர்க்கும் மசோதா வாக்கெடுப்புக்கு வருகிறது. வழக்கமாக 15 நிமிடம்தான். தோற்றுவிடும் போலிருந்ததால், மசோதாவைக் கொண்டுவந்த குடியரசுக் கட்சித் தலைவர்கள் வாக்கெடுப்பை முடிக்காமல் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் இழுத்தார்கள். எதிர்த்து ஓட்டுப் போட்ட சொந்தக் கட்சிக்காரர்களைப் பிடித்துப் பேசிப் பேசி, 220க்கு 215 என்று தேற்றிவிட்டார்கள்.

முதியோருக்கு மருந்து கிடைப்பது நல்ல காரியம்தான். ஆனால் உள்ளே ஒரு ஷரத்து: மருந்து விலை பேரத்தில் அரசு தலையிடக் கூடாது. கோடிக்கணக்கான பேரின் மருந்துக்குப் பணம் கட்டுகிறவர் விலை கேட்கக் கூடாதாம்! அதே நாட்டின் முன்னாள் ராணுவத்தினர் துறை பேரம் பேசித்தான் வாங்குகிறது. மசோதாவை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர், சபையின் எரிசக்தி, வணிகக் குழுவுக்குத் தலைவராக இருந்த பில்லி டாஸின். 2005 ஜனவரியில் அவர் மருந்துக் கம்பெனிகளின் சங்கமான ஃபார்மாவுக்குத் தலைவராகிவிட்டார். சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ஷரத்தைக் கொஞ்சமாவது தளர்த்த 2022 வரை ஆயிற்று. அரசு பேசி இறக்கிய முதல் 10 மருந்துகளின் விலை நடைமுறைக்கு வந்தது 2026 ஜனவரியில்.

அதனால் என்னைக் கேட்டால், பதவியில் இருப்பவரின் அடுத்த வேலையில்தான் கை வைக்க வேண்டும் என்பேன். அங்கே செனட்டருக்கு இரண்டு வருடம், பிரதிநிதிகள் சபை உறுப்பினருக்கு ஒரு வருடம் காத்திருப்பு உண்டு. நேரில் போய்ப் பேசத்தான் அந்தத் தடை. அறைக்குள் உட்கார்ந்து, யாரிடம் எப்படிப் பேசினால் காரியம் நடக்கும் என்று மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். அதையும் சேர்த்து ஐந்து வருடம் என்று போட்டால்தான் உறைக்கும்.

நம் ஊருக்கு வருவோம். ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி தனியார் வேலைக்குப் போக ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அரசு அனுமதித்தால் அதற்கு முன்பே போகலாம். மந்திரிகளுக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை. லாபிக்கென்று தனிச் சட்டமே இல்லை. 2012 டிசம்பரில், இந்தியச் சந்தையில் நுழைவது உள்ளிட்ட பல விஷயங்களுக்காக வால்மார்ட் 2008 முதல் சுமார் 2.5 கோடி டாலர் லாபிக்குச் செலவழித்ததாகச் செய்தி வந்து நாடாளுமன்றம் அமளிப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி முகுல் முத்கல் விசாரணைக்கு நியமிக்கப்பட்டார். செய்தி எங்கிருந்து வந்தது என்கிறீர்கள்? அமெரிக்க செனட்டில் அந்தக் கம்பெனி தாக்கல் செய்த கணக்கிலிருந்து. அது அமெரிக்காவில் செலவான பணம். இங்கே செலவாகியிருந்தால் அதை எழுதிவைக்க நம்மிடம் ஒரு நோட்டுப் புத்தகம்கூடக் கிடையாது. லஞ்சத்துக்கு லைசென்ஸ் என்று நீங்கள் சொன்ன ஊரின் பேரேட்டைப் பார்த்துத்தான் நாம் கூச்சல் போட்டோம்.

கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் கொடுக்க வழி செய்த தேர்தல் பத்திரமும் அப்படித்தான். உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் அதைச் செல்லாது என்று சொல்லி, பட்டியலை வெளியிட வைத்திராவிட்டால், பத்திரங்களை அதிகம் விலைக்கு வாங்கியது உங்கள் கோவையின் லாட்டரிக் கம்பெனி ஃப்யூச்சர் கேமிங் (1,368 கோடி ரூபாய்) என்பதோ, அதில் 500 கோடிக்கு மேல் திமுகவுக்கும் அதற்கும் அதிகமான தொகை திரிணமூலுக்கும் போனது என்பதோ, மொத்தத்தில் அதிகம் பெற்ற கட்சி பாஜக என்பதோ நமக்கு எங்கே தெரிந்திருக்கப் போகிறது?

உங்கள் சங்கம் அடுத்த முறை டெல்லி போகும்போது, யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை மனுவின் நகலோடு வெளியிட்டுவிடுங்கள். கூடவே மந்திரியிடம் இன்னொரு மனுவும் கொடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆணையர்கள் 2014 கடைசியிலிருந்து தாங்கள் சந்திக்கும் லாபிக்காரர்களின் பட்டியலை வெளியிடுகிறார்கள், நீங்களும் வெளியிடுங்கள் என்று. ஜிஎஸ்டி மனுவைப் போல இதையும் கிடப்பில் போடலாம். போடட்டும், டிக்கெட் எப்படியும் எடுக்கத்தானே போகிறீர்கள்.