கோழிக்கு மனசு இருக்கா?

கேள்வி: வீட்ல வளர்க்கிற கோழிக்குப் பாசம், பயம்லாம் இருக்குனு என் பொண்ணு சண்டை போடுறா. தீனிக்காகத்தானே அது பின்னாடியே வருது?

பதில்: உங்க பொண்ணு சொல்றதுதாங்க சரி. பயத்துல இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா அதுல சந்தேகத்துக்கே இடமில்ல. மேல பருந்து வந்தா ஒரு சத்தம், தரையில நாய் வந்தா வேற சத்தம், கூட இருக்கற கோழிங்க அந்தச் சத்தத்த மட்டும் கேட்டே பதுங்கணுமா தலையத் தூக்கிப் பாக்கணுமானு புரிஞ்சுக்குது. சும்மா கையில பிடிச்சாலே நெஞ்சு வேகமா அடிச்சுக்கும், கொண்டையோட சூடு குறையும். கோழிய மல்லாக்கப் படுக்க வெச்சு, அது அசையாம கெடக்கறத "ஹிப்னாடிசம்"னு வீடியோ போடுறாங்க பாருங்க, பார்க்கவே மனசு வலிக்குது. அது சுகமா தூங்கல, செத்த மாதிரி கெடந்தாலாவது எதிரி விட்டுடுவானானு பயத்தோட உச்சத்துல உடம்பு பண்ற கடைசி முயற்சி. ஆராய்ச்சி பண்றவங்க ஒரு கோழி எவ்ளோ பயந்ததுனு அளக்கறதே அது எவ்ளோ நேரம் அப்படிக் கெடக்குதுங்கறத வெச்சுதான்.

சுகம் உங்க கண்ணுக்கே தெரியும். வெயில்ல ஒருக்களிச்சு றெக்கைய விரிச்சுப் போட்டுப் புழுதியில குளிக்கறத நின்னு பாருங்க.

பாசம்னா, தாய்க்கோழிய விட வேற சாட்சி வேணுமா? குஞ்சு வெளிய வர்றதுக்கு முன்னாடியே முட்டைக்குள்ள இருந்து கத்தும், தாய் பதில் குரல் குடுக்கும். 2011ல பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துல குஞ்சுங்க மேல லேசா காத்தடிச்சுப் பார்த்தாங்க, தாய்மேல இல்ல, குஞ்சுமேல மட்டும், அதுக்கே தாய்க்கோழியோட இதயத்துடிப்பு கூடிடுச்சு, குஞ்சுகளக் கூப்பிடற சத்தமும் ஜாஸ்தியாச்சு. மனுஷங்ககிட்ட காட்டறதும் அதே பாசம்தானானு கேட்டா, நான் அத நம்பிக்கைனு சொல்வேன். தீனி போடுற கைய நம்பறது ஒண்ணும் மட்டமான விஷயம் இல்லங்க, கைக்குழந்தையும் அப்படித்தானே ஒட்டிக்குது.

அதனால தயவுசெஞ்சு துரத்திப் பிடிக்காதீங்க, காலப் பிடிச்சுத் தலைகீழாத் தூக்கிட்டுப் போகாதீங்க. பிடிச்சே ஆகணும்னா இருட்டினதுக்கு அப்புறம் கூண்டுல அடங்கி இருக்கறப்போ, ரெண்டு கையாலயும் றெக்கைய உடம்போட சேத்து அணைச்சு மெதுவா எடுங்க.