பழைய பந்தய சைக்கிளுக்கு எந்த நிறம், எந்தப் பாகங்கள்?

பழைய பந்தய சைக்கிள்களைச் சீர்செய்வது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இடம்பெறுகின்றன.

கேள்வி: என் மாமா இளமையில் ஓட்டிய எஃகு பந்தய சைக்கிள் ஒன்று என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. 1970களில் செய்யப்பட்டது. அதன் சிவப்பு நிறம் மங்கிவிட்டது; பெடலை நோக்கிச் சாய்ந்து இறங்கும் கீழ்க்குழாயில் இரண்டு மூன்று இடங்களில் துருவும் தெரிகிறது. முழுவதையும் சுரண்டிவிட்டு வெளிர்நீலமும் வெள்ளையுமாக அடிக்கலாம் என்று நினைக்கிறேன். அந்த நிறம் பொருந்துமா?

பதில்: வெளிர்நீலமும் வெள்ளையும் நல்ல இணைதான். ஆனால் சுரண்டும் முடிவைச் சிறிது தள்ளிவைக்கும்படி முதலில் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தேய்ந்த பாகத்துக்கு மாற்றுப் பாகத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். தொழிற்சாலையில் அடித்த பூச்சை ஒருமுறை உரித்துவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. பழைய பந்தய சைக்கிள்களைச் சேகரிப்போரில் பலர், கீறல்கள் இருந்தாலும் மூலப் பூச்சு ஓரளவு நிலைத்திருக்கும் வண்டியையே பளபளப்பாகப் புதுப்பூச்சு பூசிய வண்டியைவிட மேலாக மதிக்கிறார்கள். என் எண்ணமும் அதுவே.

கீழ்க்குழாயில் கியர் நெம்புகோல்களைப் பிடித்திருக்கும் பட்டையை முதலில் கழற்றிப் பாருங்கள். அதற்கு அடியில் விரல் அகலத்துக்கு ஒரு வளையம் இத்தனை ஆண்டுகளும் வெயில் படாமல் இருந்திருக்கும். வளையத்தின் இரு ஓரங்களிலும் ஈரமும் அழுக்கும் தேங்கிய பழுப்புக் கோடுகள் தெரியலாம். அவற்றுக்கு நடுவே, வண்டி புதிதாக இருந்தபோது இருந்த சிவப்பு அநேகமாக அப்படியே இருக்கும். ஹேண்டில்பாரைத் தாங்கும் தலைக்குழாயில் பதித்த நிறுவனச் சின்னத்தின் அடியிலும் இதே போலப் பார்க்கலாம். வெள்ளி நிறத்து அடிப்பூச்சின் மேல் ஒளி ஊடுருவும் சிவப்பை அடித்து மினுங்கச் செய்யும் முறை அக்காலத்தில் பரவலாக இருந்தது. அப்படிப்பட்ட பூச்சாயின் மேலுள்ள சிவப்பு வெயிலில் சீக்கிரம் வெளுக்கும் என்பதால், மங்கலைக் கண்டு பூச்சே கெட்டுவிட்டதாக எண்ணிவிடக் கூடாது.

அடுத்தபடியாக, மென்மையான சோப்பு நீரில் கழுவி, கண்ணில் படாத ஓர் இடத்தில் மெருகேற்றும் நுண்பசையைச் சிறிது தேய்த்துப் பாருங்கள். வெளுத்த மேற்படலம் போய் நிறம் எழும்பினால் முக்கால்வாசி வேலை முடிந்தது. ஆனால் பெயரெழுத்துகளின் மீதும் பொன்கோடுகளின் மீதும் பசை படவே கூடாது; அவை மெல்லிய ஒட்டுப்படங்களாகவோ கையால் வரைந்தவையாகவோ இருக்கும், ஒரே தேய்ப்பில் போய்விடும். துருப் புள்ளிகளை அந்தந்த இடத்தில் மட்டும் நுண்ணிய உப்புத்தாளால் எடுத்துவிட்டு, பிரைமர் தொட்டு, வளையத்தின் சிவப்புக்கு இணையாகக் கலந்த பெயின்ட்டைச் சிறு தூரிகையால் வைத்து, பின்னர் மெழுகு பூசினால் போதும்.

முழுப் பூச்சு தேவைப்படும் சந்தர்ப்பங்களும் உண்டு. முன்பே ஒருவர் மேலே பூசி மூலப் பூச்சு போய்விட்டிருக்கலாம். கட்டைவிரலால் அழுத்தினால் உதிரும் கொப்புளங்களாகப் பூச்சு பல இடங்களில் எழும்பியிருக்கலாம். குழாயை மாற்றியோ பற்றவைத்தோ பழுதுபார்த்ததில் பூச்சு எரிந்திருக்கலாம். தங்கள் வண்டி இவற்றில் ஒன்றென்றால் தயங்காமல் பூசுங்கள். அப்போதும் வெளிர்நீலத்தைத் தேர்வதற்கு முன் வண்டியின் பெயரைப் பாருங்கள். பச்சை கலந்த வெளிர்நீலமான செலஸ்தே, 1885இல் மிலானில் தொடங்கிய பியான்கி நிறுவனத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. வேறொரு நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய பிரேமில் அந்த நிறம் இரவல் சட்டையாகத் தெரியும். 1971 முதல் 1976 வரை பெல்ஜியப் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் ஓட்டிய மொல்தேனி அணியின் ஆரஞ்சுக்கும் இது பொருந்தும். தங்கள் வண்டியைச் செய்த நிறுவனம் அந்த ஆண்டில் எந்த நிறங்களில் விற்றது என்பதைப் பழைய விலைப்பட்டியலில் தேடி, அவற்றுள் மனத்துக்குப் பிடித்ததைத் தேர்வதே நிறைவு தரும்.

இரு நிறங்கள் வேண்டுமானால், முழு பிரேமுக்கும் ஒரு நிறமும், தலைக்குழாய்க்கும் சீட் குழாயின் நடுப்பட்டைக்கும் மற்றொரு நிறமுமாகப் பிரிப்பது அக்கால வழக்கம். பிரேம் சிறியதாக இருந்தால் சீட் குழாயின் நடுப்பட்டையை விட்டுவிடுங்கள்; இல்லையென்றால் குழாய் துண்டுபட்டதுபோல் தோன்றும். மாதிரியைத் தட்டையான அட்டையில் பூசிப் பார்க்க வேண்டாம். ஏறக்குறைய 28 மி.மீ. விட்டமுள்ள உருளையின் மேல் ஒளி விழும் விதமே வேறு என்பதால், ஒரு குழாய்த் துண்டில் பூசி, காலை வெயிலிலும் நிழலிலும் டியூப்லைட் வெளிச்சத்திலும் தனித்தனியே பாருங்கள். விளக்கொளியில் ஒன்றுபோல் இருந்த இரண்டு சிவப்புகள் வெயிலில் பிரிந்து தெரிவது அடிக்கடி நேர்வது.

கேள்வி: பவுடர் கோட்டிங் செய்தால் நீண்ட நாள் உழைக்கும் என்கிறார்கள். ஸ்ப்ரே பெயின்ட்டைவிட அது மேலானதா?

பதில்: பெயின்ட்டுத் தூளைத் தூவி அடுப்பில் சுட்டுப் படியவைக்கும் பவுடர் கோட்டிங் உழைப்பில் மேலானதுதான். அன்றாடம் ஓட்டும் சாதாரண வண்டிக்கு நான் தயங்காமல் அதையே சொல்வேன். ஆனால் குழாய்களை இணைக்கும் லக்குகளைக் கையால் அரம் போட்டு மெலிதாக்கி, கூர்முனைகளோடு செய்த பழைய பந்தய பிரேமில், பவுடரின் தடிப்பு அந்த ஓரங்களை மூடி மழுங்கடித்துவிடும். அந்த பிரேமின் அழகே அந்த ஓரங்களில்தான் இருக்கிறது என்பதால், அங்கே மெல்லிய திரவப் பெயின்ட்டையே பரிந்துரைக்கிறேன். பவுடரில் சிறு கீறலைத் தொட்டுச் சரிசெய்வதும் கடினம்.

பவுடரைச் சுடும் வெப்பம் பெரும்பாலும் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரைதான். பித்தளையோ வெள்ளிக் கலவையோ கொண்டு பற்றவைத்த எஃகு இணைப்புகள் உருக 600 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் எஃகு பிரேமுக்கு ஆபத்தில்லை. விட்டஸ் 979 போல அலுமினியக் குழாய்களைப் பசையால் ஒட்டிய பிரேம்களை மட்டும் அந்த அடுப்புக்கு அனுப்பவே கூடாது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது பழைய பூச்சை எடுக்கும் முறை. பந்தய பிரேம்களுக்கென்றே செய்த கொலம்பஸ் எஸ்எல் போன்ற எஃகுக் குழாய்கள் முனைகளில் 0.9 மி.மீ. தடிப்பும் நடுவில் 0.6 மி.மீ. தடிப்பும் மட்டுமே உள்ளவை. கனமான இரும்புச் சாமான்களுக்குச் செய்வதுபோலக் கரடுமுரடான மணலை அதிக அழுத்தத்தில் அடித்தால் குழாய் சேதப்படும். பெயின்ட் நீக்கும் ரசாயனமோ, குறைந்த அழுத்தத்தில் நுண்ணிய கண்ணாடி மணிகளோ போதும். பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்க்காமல் நீர் தொட்டுத் தேயுங்கள், முகக்கவசம் அணியுங்கள். கடினமாக்கி கலந்து அடிக்கும் இரு கலவைப் பாலியூரித்தேன் பெயின்ட்டை வீட்டில் அடிக்க வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட்டுகள் நுரையீரலைத் தாக்குபவை, அதற்குரிய காற்றுக் கவசத்தோடு பணிபுரிவோரிடமே விட்டுவிடுங்கள். எந்தப் பூச்சாக இருந்தாலும் மரைகளையும் சீட் குழாயின் உட்புறத்தையும் சக்கர அச்சு அமரும் பரப்புகளையும் மறைத்துவிட்டு அடிக்கச் சொல்வது தங்கள் பொறுப்பு.

கேள்வி: 1980களின் தொடக்கத்தைச் சேர்ந்த இத்தாலிய எஃகு பிரேம் ஒன்றை வெறும் பிரேமாக வாங்கினேன். எந்த நிறுவனத்தின் பாகங்களைச் சேர்ப்பது? கொஞ்சம் புதிய 8 வேகச் சக்கரத்தைப் போடலாமா?

பதில்: நிறுவனத்தின் பெயரைத் தேடுவதற்கு முன் வெர்னியர் அளவியைக் கையில் எடுங்கள். பழைய பாகங்கள் ஒரே அளவுபோலத் தோன்றினாலும் நாட்டுக்கு நாடு மரை வேறு. பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் கூட்டின் அகலம் 70 மி.மீ. என்றால் இத்தாலிய அளவு. அதன் மரை 36 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 24 புரி. 68 மி.மீ. என்றால் பெரும்பாலும் ஆங்கில அளவு, 1.37 அங்குலம், அதே 24 புரி. ஆங்கில அளவில் செயின் பக்கக் கப் (அச்சின் பேரிங்கைத் தாங்கும் கிண்ணம்) இடமரையாக இருக்கும். இத்தாலிய அளவில் இரு பக்கமும் வலமரை என்பதால் செயின் பக்கக் கப் ஓட்ட ஓட்டத் தளரும் இயல்புடையது. நன்றாக இறுக்கிப் பூட்டுங்கள், முதல் சில பயணங்களுக்குப் பின் மறுபடியும் சரிபாருங்கள்.

ஹேண்டில்பாரும் அதைத் தாங்கும் ஸ்டெமும் சேருமிடத்தில் இன்னும் கவனம் வேண்டும். இத்தாலிய நிறுவனமான சினெல்லியின் பழைய அளவு 26.4 மி.மீ., பிற்பாடு பரவலானது 26.0 மி.மீ., வேறு பல வண்டிகளில் 25.4 மி.மீ. ஒன்றுக்கு ஒன்று அரை மி.மீ. தானே என்று இறுக்கினால் ஸ்டெம் விரிசல் விடலாம், அல்லது பிரேக் பிடிக்கும் வேளையில் ஹேண்டில்பார் சுழன்றுவிடலாம். இரண்டையும் ஒரே அளவில் வாங்குங்கள். இடையில் தகரம் வைத்துச் சமாளிக்க வேண்டாம்.

8 வேகச் சக்கரத்துக்குப் பின்சக்கரம் அமரும் முனைகளுக்கிடையே இடைவெளி 130 மி.மீ. வேண்டும். தங்கள் பிரேமில் அது 126 மி.மீ. ஆக இருக்கும், அதற்கு முந்தைய 5 வேகக் காலத்தில் 120 மி.மீ. எஃகு பிரேமை 4 மி.மீ. விரித்து, இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, அச்சு அமரும் முனைகளை மீண்டும் இணையாக்கித் தரக்கூடிய கைத்திறனாளர்கள் இருக்கிறார்கள். அலுமினிய பிரேமில் இதைச் செய்யக் கூடாது. பூசும் எண்ணமிருந்தால், விரிக்கும் வேலையைப் பூச்சுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

ஆயினும் தங்கள் இடத்தில் நான் இருந்தால் 126 மி.மீ. இடைவெளியை அப்படியே வைத்து 6 பற்சக்கரங்கள் கொண்ட 6 வேக ஃப்ரீவீலைப் பூட்டுவேன். எந்தக் காலத்துப் பாகங்கள் பொருந்தும் என்பதற்கு நல்ல வழிகாட்டி, 1997இல் இத்தாலியின் கையோலே இன் கியாந்தியில் தொடங்கிய லெரோய்க்கா என்னும் பழைய சைக்கிள் பயணத்தின் விதிகள்: 1987க்கு முன் செய்த எஃகு சைக்கிள், கீழ்க்குழாயில் கியர் நெம்புகோல், தோல்வார் கட்டிய பெடல், ஹேண்டில்பாருக்கு வெளியே வளைந்து வரும் பிரேக் கம்பி. இந்த நான்கும் சேர்ந்தால் வண்டி தன் காலத்தில் நிற்கும். இத்தாலிய பிரேமுக்கு கம்பக்னோலோ நிறுவனத்தின் ரெக்கார்டு வரிசைப் பாகங்கள் இயல்பானவை. 1970களின் நுவோவோ ரெக்கார்டு பின் கியர் மாற்றிகள் பலவற்றில் காப்புரிமைக் குறியோடு ஆண்டின் கடைசி இரு இலக்கங்களும் பொறித்திருப்பதால் காலத்தைக் கணிப்பதும் எளிது. ஆனால் மேடான சாலைகளில் ஓட்டுபவராயின் ஜப்பானிய நிறுவனமான சன்டூரின் பின் கியர் மாற்றியை வெறுத்து ஒதுக்காதீர்கள். 1964இல் அவர்கள் காப்புரிமை பெற்ற சாய்ந்த இணைகர அமைப்பு, செயினைப் பற்சக்கரங்களுக்கு நெருக்கமாகவே கொண்டுசெல்வதால் கியர் சுத்தமாக விழுகிறது; காப்புரிமை 1984இல் முடிந்ததும் மற்ற நிறுவனங்களும் அதையே கைக்கொண்டன.

கேள்வி: 27 அங்குலச் சக்கரங்களை எடுத்துவிட்டு 700சி சக்கரங்களைப் போட்டால் பிரேக் எட்டுமா?

பதில்: ரிம் விட்டம் 630 மி.மீ.யிலிருந்து 622 மி.மீ.க்குக் குறைகிறது. ஆகவே பிரேக் கட்டைகள் 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். பிரேக் கைகளிலுள்ள நீள்துளையில் அந்த இடம் மீதமிருக்கிறதா என்று அளந்துவிட்டுச் சக்கரம் வாங்குங்கள்.

கேள்வி: சீட், கைப்பிடி நாடா, பிரேக் கம்பியின் உறை இவற்றுக்கு எந்த நிறம்?

பதில்: பிரேமின் நிறம் அடர்த்தியாக இருந்தால் நாடாவும் கம்பி உறையும் வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருப்பது நன்று. பழுப்புத் தோல் சீட் போட்டால் நாடாவும் அதே சாயலில் அமைய வேண்டும். பருத்தி நாடாவைச் சுற்றி அதன் மேல் அரக்குக் கரைசலை இரண்டு மூன்று முறை பூசினால் நிறம் சிறிது சிறிதாக அடர்ந்து வரும், சீட்டின் சாயல் வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். டயரின் பக்கச் சுவர் தேன் நிறத்தில் இருந்தால் இன்னும் இசைவாக இருக்கும். பெயின்ட்டின் நிறத்திலேயே நாடா, உறை, டயர் என்று எல்லாவற்றையும் வாங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். பிரேமின் கோடுகள் அதில் அமுங்கிப்போகும்.

கேள்வி: நாற்பது ஆண்டுப் பழைய, பெடலைத் தாங்கும் அலுமினிய கிராங்கையும் ஸ்டெமையும் நம்பி ஓட்டலாமா?

பதில்: நன்றாகச் சோதித்த பின் ஓட்டலாம். அலுமினியம் எஃகைப் போல வளைந்து எச்சரிக்காமல், நாள்பட்ட களைப்பால் திடீரென்று முறியக்கூடியது. கிராங்கைக் கழற்றி எண்ணெய்ப் பிசுக்கை முழுவதும் நீக்கிவிட்டு, கிராங்கின் கை செயின் வீலைத் தாங்கும் கால்களோடு சேரும் மூலையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். பழைய ரெக்கார்டு கிராங்குகளில் விரிசல் தொடங்குவதாக அறியப்பட்ட இடம் அதுதான். பெடல் மரையைச் சுற்றியும், ஸ்டெமில் ஹேண்டில்பாரைக் கவ்வும் பகுதியின் அடியிலும், ஹேண்டில்பாரில் ஸ்டெமின் விளிம்பு பதிந்த கோட்டிலும் அதே போலத் தேடுங்கள். முடி போன்ற கோடு தெரிந்தால் நகத்தை அதன் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் சிக்கினாலும் சிக்காவிட்டாலும், மெருகேற்றிய பின்னும் அக்கோடு மறையவில்லையென்றால் அந்தப் பாகத்தை வண்டியில் பூட்டாதீர்கள், இன்னொருவருக்கு விற்கவும் செய்யாதீர்கள்.